செயலாளர் ஆண்டறிக்கை: ஹிடேயும் ஸில்ச் குழுவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் இசை கேட்போர் சங்கத்தின் சென்ற ஆண்டு நடவடிக்கைகளை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். உறுப்பினர் எண்ணிக்கையில் சொல்லும்படியான ஏற்ற இறக்கம் இல்லை. மழையால் ஒரு கூட்டம் தள்ளிப்போனது தவிர, மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன.

ஆண்டு முழுவதும் ஒரே கலைஞரைக் கேட்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவானது. அது ஒரு ஜப்பானிய ராக் கிட்டார்காரராக இருக்கும் என்று மூத்த உறுப்பினர்கள் எதிர்பார்க்கவில்லை. எக்ஸ் ஜப்பான் குழுவின் ஹிடே, அதிலும் அந்தக் குழுவுக்கு வெளியே அவர் செய்தவை என்பதே தலைப்பு. காது போய்விடும் என்று அன்றைக்கு எழுந்து எதிர்ப்புச் சொன்ன ஐயா, கடைசிக் கூட்டம் வரை முன்வரிசையை விட்டு நகரவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

முதல் கூட்டமே குழப்பத்தில் தொடங்கியது. இசைத்தட்டு கொண்டுவர ஒப்புக்கொண்டவர் லார்க் ஆன் சியெல் குழுவின் பாடகர் ஹைடின் தனி ஆல்பத்தைக் கொண்டுவந்துவிட்டார். ஆங்கில எழுத்தில் இரு பெயருக்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம். அதில் இரண்டு பாட்டைக் கேட்டுவிட்டு, டீ குடித்துக் கலைந்தோம்.

அப்புறம் முறையாக ஆரம்பித்தோம். ஹிடேயின் இயற்பெயர் ஹிடேட்டோ மாட்சுமோட்டோ. 1964 டிசம்பர் 13இல் யோகோசுகாவில் பிறந்தவர். அமெரிக்கக் கடற்படைத் தளம் இருக்கும் துறைமுக ஊர் அது. பதின்வயதில் அவருக்குக் கிப்சன் லெஸ் பால் கிட்டார் வாங்கித் தந்தது பாட்டி. சேவர் டைகர் என்ற குழுவை நடத்தினார். அது கலைந்ததும், படித்து வைத்திருந்த சிகையலங்காரத் தொழிலுக்கே போய்விடலாம் என்றிருந்தார். அந்த நேரத்தில்தான் யோஷிகி கூப்பிட்டு 1987இல் தன் எக்ஸ் குழுவில் சேர்த்துக்கொண்டார்; அதுதான் பின்னாளில் எக்ஸ் ஜப்பான்.

எக்ஸில் பாட்டு பெரும்பாலும் யோஷிகியுடையது. ஹிடேயும் எழுதினார், ஆனால் குழுவின் முகம் யோஷிகியின் பியானோவும் நீண்ட சோகப் பாட்டுகளும்தான். 1993இல் வந்த அவர்களுடைய ஓர் ஆல்பம் மொத்தமும் ஒரே பாட்டு, 29 நிமிடம். அதே 1993 ஆகஸ்டில் ஹிடே தனியாக இரண்டு சிங்கிள்களை, அதாவது ஒற்றைப் பாட்டுத் தட்டுகளை, ஒரே நாளில் வெளியிட்டார். அடுத்த பிப்ரவரியில் ‘ஹைட் யுவர் ஃபேஸ்’ என்ற தனி ஆல்பம் வந்தது. டெரி போசியோ டிரம்ஸ், டி.எம். ஸ்டீவன்ஸ் பேஸ். போசியோ பெயரைக் கேட்டதும் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் நம் உறுப்பினர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்தக் கூட்டத்தில் வேறு யாரும் பேச வாய்ப்புக் கிடைக்கவில்லை.

நாம் அதிக நேரம் செலவழித்தது 1996க்கு. செப்டம்பரில் ‘சையன்ஸ்’ என்ற தனி ஆல்பம், ஜப்பானின் விற்பனைப் பட்டியலான ஒரிக்கானில் முதலிடம். நவம்பரில் எக்ஸ் ஜப்பானின் ‘டாலியா’. அதில் பாதிக்கு மேல் முன்பே சிங்கிளாக வந்த பாட்டுகள். இதே ஆண்டில் லெமனெட் என்று சொந்த இசைத்தட்டு நிறுவனம் தொடங்கி ஸெப்பெட் ஸ்டோர் போன்ற இளைஞர் குழுக்களைத் தூக்கிவிட்டார். லாஸ் ஏஞ்சலஸில் ஸில்ச் குழுவும் உருவானது இதே ஆண்டுதான். தாய்க்குழு ஆற அமர வேலை பார்க்க, இந்த மனிதர் கிடைத்த இடைவெளியில் எல்லாம் புகுந்திருக்கிறார். அவருக்கு ஓய்வே இதுதானோ என்று தோன்றியது.

ஸில்ச் யார் யார்? ஹிடேயோடு ரே மெக்வே. செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பிரிட்டிஷ் பங்க் குழு உடைந்த பின் அதன் ஸ்டீவ் ஜோன்ஸும் பால் குக்கும் நடத்திய புரொஃபஷனல்ஸ் குழுவில் கிட்டார் வாசித்தவர். பேஸ், கில்லிங் ஜோக் குழுவின் பால் ரேவன். டிரம்ஸ், டான்சிக் குழுவில் இருந்த ஜோயி காஸ்டிலோ. கணினி வேலை ஹிடேயின் நீண்டநாள் கூட்டாளி ஐ.என்.ஏ. ஜப்பானில் அரங்கம் நிரப்புகிறவர், தன்னைத் தெரியாத ஊரில் போய், ஐந்து பேரில் ஒருவராக நின்று, பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடினார். உள்ளூர்ப் புகழை இறக்கி வைத்துவிட்டு அப்படி நிற்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

ஸில்ச்சின் ‘3.2.1.’ ஆல்பத்தை முழுதாகக் கேட்டோம். இயந்திரத் தாளம், அதன் மேல் துண்டு துண்டாக வெட்டிப்போட்ட கிட்டார், இரைச்சலில் கரகரத்துப்போன குரல். ஆனால் உள்ளே மெட்டு இருக்கிறது. பாப் மெட்டை விட அவருக்கு மனம் வராது. ‘டவுட்’ என்ற பாட்டு ‘ஹைட் யுவர் ஃபேஸ்’ தனி ஆல்பத்திலும் இருக்கிறது, இதிலும் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டபோது சங்கம் இரண்டாகப் பிரிந்தது. என் ஓட்டு ஸில்ச்சுக்கு. ஸ்காட்லாந்தின் சென்சேஷனல் அலெக்ஸ் ஹார்வி பேண்ட் 1973இல் பாடிய பாட்டு ஒன்றையும் எடுத்து வாசித்திருக்கிறார்கள். அன்றுதான் கீழ்வீட்டிலிருந்து சத்தம் பற்றிப் புகார் வந்தது. இனி இரவு எட்டு மணிக்கு மேல் ஒலிபெருக்கியைப் பாதிக்கு மேல் திருப்புவதில்லை என்று செயற்குழு ஏற்றுக்கொண்டிருக்கிறது.

எஞ்சியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1997 செப்டம்பரில் எக்ஸ் ஜப்பான் கலைவதாக அறிவித்தது. டிசம்பர் 31இல் டோக்கியோ டோமில் கடைசி நிகழ்ச்சி. நாலே வாரத்தில் ஹிடேயின் ‘ராக்கெட் டைவ்’ சிங்கிள் வந்துவிட்டது. 1998 மே 2 அன்று ஹிடே காலமானார், வயது 33. சுகிஜி ஹோங்கான்ஜி ஆலயத்தில் நடந்த இறுதிச் சடங்குக்கு ஏறத்தாழ 50,000 பேர் திரண்டார்கள். ஸில்ச் ஆல்பம் ஜூலையில்தான் கடைக்கு வந்தது. அவர் அதை மேடையில் வாசித்துக் காட்டும் நாள் வரவேயில்லை. மற்றவர்கள் 1999இல் ரீமிக்ஸ் தொகுப்பும் 2001இல் ‘ஸ்கைஜின்’ ஆல்பமும் வெளியிட்டார்கள். இரண்டாவதைக் கேட்டோம், திறமைக்குக் குறைவில்லை, ஆனால் குறும்பு போய்விட்டது. பால் ரேவனும் 2007இல் மறைந்தார். யோகோசுகாவில் 2000இல் திறந்த ஹிடே அருங்காட்சியகம் 2005இல் மூடப்பட்டது. இதயங்கள் வரைந்த அவருடைய கிட்டாரைச் செய்த ஃபெர்னாண்டஸ் நிறுவனமும் 2024இல் திவாலானது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழுவின் பரிந்துரை லூனா ஸீ என்ற ஜப்பானிய ராக் குழுவின் சுகிஸோ. அந்தக் குழுவை யோஷிகியின் இசைத்தட்டு நிறுவனத்துக்குச் சிபாரிசு செய்தவர் ஹிடே; 2009இல் எக்ஸ் ஜப்பானில் கிட்டார்காரராகச் சேர்ந்தவர் சுகிஸோ. அவர் ஜூனோ ரியாக்டரோடு வாசித்த மின்னணு நடன இசையிலிருந்து தொடங்கலாம் என்பது என் யோசனை. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இன்றே எழுந்து சொல்லிவிடவும்.

இடம் கொடுத்த வீட்டாருக்கும், கூட்டம்தோறும் டீ போட்ட அக்காவுக்கும் சங்கத்தின் நன்றி. சந்தா பாக்கி உள்ளவர்கள் பொருளாளரைப் பார்க்கவும். ‘சையன்ஸ்’ குறுந்தகட்டை இரவல் வாங்கிப் போனவர் யாராக இருந்தாலும் அடுத்த கூட்டத்துக்குள் திருப்பித் தர வேண்டும்; உறை மட்டும்தான் அலமாரியில் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்