பெரியம்மாவிடம் என்ன கேட்க வேண்டும்

அன்புள்ள தம்பிக்கு,

மாமாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே நடுக்குவாதம், ஒரே மாத்திரை. மண்டபத்தில் மாமா நடமாடிக்கொண்டிருக்க, பாம்பனில் பெரியம்மா மட்டும் ஏன் இப்படி ஒடுங்கிப்போனாள் என்று போனில் கேட்டாய். அவளுக்கு நோய் முற்றிவிட்டது என்று நீயாக நினைத்துக்கொள்ளாதே. லீவுக்கு வந்து அவளோடு தங்கப்போகிறாய் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

நடுக்குவாதம் என்கிற பார்க்கின்சன் நோய் பெண்களைவிட ஆண்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகம் வரும். மூளையின் அடிப்பகுதியில், உடல் அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கிற செல்கள் அழிவது இருவருக்கும் ஒன்றுதான், வெளியே தெரிகிற விதம்தான் வேறு. பெண்களுக்குச் சற்றுப் பிந்தி, பெரும்பாலும் கைநடுக்கமாகத் தொடங்கும். பிறகு வலி, அசதி, மலச்சிக்கல், பதற்றம், மனச்சோர்வு என்று இவைதான் அவர்களை அதிகம் வாட்டும். ஆண்களுக்கு எச்சில் வடிதல், தூக்கத்தில் கத்தி உதைத்தல், ஞாபகம் மங்குதல் கூடுதலாக இருக்கும். டாக்டர் கையை மடக்கி நீட்டி, விரலைத் தட்டச் சொல்லிப் போடுகிற கணக்கில் இரண்டு பேரும் ஒரே இடத்தில் நிற்கலாம். அவர்கள் அன்றாடம் படுகிற பாடு அந்தக் கணக்கில் வராது.

அதை அளக்கத்தான் பி.டி.கியூ-39 என்ற படிவம் இருக்கிறது. 39 கேள்விகள்: நடமாட்டம், அன்றாட வேலை, மனநிலை, வெட்கம், ஆதரவு, நினைவு, பேச்சு, உடல் உபாதை என்று 8 தலைப்புகள். 0 முதல் 100 வரை மதிப்பெண். கூடினால் கஷ்டம் அதிகம். போன ஒரு மாதத்தில் எத்தனை முறை என்றுதான் ஒவ்வொரு கேள்வியும் கேட்கும். நீயும் அப்படியே கேள். "நல்லாயிருக்கியா பெரியம்மா" என்றால் "எனக்கென்ன குறை" என்றுதான் பதில் வரும். "போன மாசம் ஜாக்கெட் ஊக்கு மாட்ட முடியாம எத்தனை நாள் இருந்தே" என்று கேட்டால் உண்மை வரும்.

முதலில் தண்ணீரைக் கவனி. பெரியம்மா மாதிரி பாசி எடுக்கக் கடலுக்குப் போகிற பெண்களுக்குப் பகலில் ஒதுங்க இடமில்லை. தண்ணீரைக் குறைத்துக் குடித்தே பழகிவிடுகிறார்கள். இந்த நோயில் அந்தப் பழக்கமே வினையாகிறது. குடல் ஏற்கெனவே மந்தம். தண்ணீரும் குறைந்தால் மலம் இறுகி, வயிறு மெதுவாகக் காலியாகி, மாத்திரை சிறுகுடலுக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். மாத்திரை வேலை செய்யவில்லை என்று அவள் சொல்வதில் பாதி இதுவாக இருக்கலாம். சிறுநீரில் கிருமி சேர்ந்தால் வயதானவர்களுக்குக் காய்ச்சல்கூட இல்லாமல் திடீரென்று புத்தி தடுமாறும், நடை விழுந்துபோகும். அப்போது மாத்திரையைக் கூட்டச் சொல்லி ஓடாதே, முதலில் சிறுநீரைப் பரிசோதிக்கக் கொடு. இதயத்திலோ சிறுநீரகத்திலோ கோளாறு இல்லையென்றால் நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வேண்டும். அதில் பெரும்பகுதி சாயங்காலம் 6 மணிக்குள் உள்ளே போய்விட வேண்டும், இல்லையென்றால் ராத்திரி எழுந்து எழுந்து விழுவாள்.

கக்கூஸைச் சரிசெய்யாமல் தண்ணீர் குடி என்று அவளிடம் சொல்வது நியாயமில்லை. கொல்லையில் மணலைத் தாண்டிப் போய்க் குந்தி உட்கார்ந்து எழ வேண்டும் என்றால் யார்தான் குடிப்பார்கள்? பீங்கான் மேல் வைக்கிற கமோடு நாற்காலி ஒன்று வாங்கு. உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் படிகிற உயரம் வேண்டும். பக்கச் சுவரில் கைப்பிடிக் கம்பி வை; பிளாஸ்டிக் வேண்டாம், உப்புக்காற்றில் சாதா இரும்பும் நிற்காது, எவர்சில்வர் போடு. வீட்டிலிருந்து கக்கூஸ் வரை உதிரி மணலாக விடாமல் சிமெண்டுப் பாதை போட்டுவிடு. கால் இழுபடுகிறவர்களை உதிரி மணல் தடுக்கிவிடும், இந்த வயதில் எலும்பும் பலமாக இருக்காது.

இந்தக் கரை வெயிலில் ரத்த அழுத்தமும் இறங்கும். படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்ற 1 நிமிஷத்தில் ஒரு தடவை, 3 நிமிஷத்தில் ஒரு தடவை பார். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் எழுதி வைத்து டாக்டரிடம் காட்டு. தலைசுற்றல் என்று கடையில் கேட்டு எதையும் வாங்கிக் கொடுத்துவிடாதே. சின்னாரிசின், புளூனாரிசின், புரோகுளோர்பெராசின், வாந்திக்குத் தருகிற மெட்டோகுளோபிரமைடு எல்லாம் டோபமைனைத் தடுத்து நோயைக் கூட்டிவிடும். வாந்திக்கு டோம்பெரிடோன் தரலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள். யாராவது பூனைக்காலி விதைப்பொடி தருவார்கள். அவள் மாத்திரையில் இருக்கிற லெவோடோபா மருந்துதான் அதிலும் இருக்கிறது, மாத்திரையோடு சேர்ந்தால் அளவு கூடிவிடும்.

மாத்திரை விஷயத்திலும் பெண்ணுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. உடல் எடை குறைவு என்பதால் அதே லெவோடோபா ரத்தத்தில் கூடுதலாக ஏறும். அதனால் உடம்பு நெளிந்து ஆடுகிற தொல்லை பெண்களுக்கு அதிகம். அதைப் பார்த்து நடுக்கம் கூடிவிட்டது என்று நினைத்து இன்னொரு மாத்திரை கொடுத்தால் இன்னும் ஆடும். மாத்திரை போட்டு ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் ஆடினால் அளவு அதிகம்; அடுத்த வேளை நெருங்கும்போது இறுகி நடுங்கினால் மருந்தின் வேகம் தீர்ந்துவிட்டது. ஒரு நோட்டில் நேரம், நிலை, சாப்பாடு மூன்றையும் ஒரு வாரம் எழுது. எந்த டாக்டருக்கும் அது பெரிய உதவி. மாத்திரையைத் திடீரென்று நிறுத்த மட்டும் கூடாது, உயிருக்கே ஆபத்து.

சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் வெறும் தண்ணீரில் மாத்திரை. மீனில் இருக்கிற புரதம் மருந்து உடம்பில் சேர்வதைத் தடுக்கலாம்; மத்தியானம் மீன் குழம்பு சாப்பிட்டதும் மருந்து வேலை செய்யவில்லை என்று நோட்டில் தெரிந்தால் மீனை ராத்திரிக்கு மாற்று. மீனை நிறுத்தாதே, அவள் ஏற்கெனவே இளைத்திருக்கிறாள். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் 2 மணி நேரம் இடைவெளி வேண்டும்.

உடுத்துவதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதே. ஆண் கைலியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். சேலைக்குக் கொசுவம் பிடிக்க விரல் நுனி வேண்டும், ஊக்கு மாட்டவும் வேண்டும். அது முடியாமல்தான் அவள் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போவதை விட்டாள். வெளியே சொல்ல வெட்கம். ஜாக்கெட்டில் ஊக்கை எடுத்துவிட்டு ஒட்டுப்பட்டி தைக்கச் சொல். கொசுவத்தை முன்கூட்டியே தைத்த சேலை கிடைக்கிறது. கணுக்காலுக்கு இரண்டு விரல் மேலே நிற்கட்டும். மாத்திரை வேலை செய்யத் தொடங்கிய பிறகு நாற்காலியில் உட்கார்ந்து உடுத்தட்டும், இறுகிய கையை முதலில் நுழைத்து. பக்கத்தில் நின்று அவசரப்படுத்தாதே, அவசரத்தில் நடுக்கம் கூடும்.

இந்த நோயில் முகத் தசையும் இறுகும், கண் சிமிட்டுவது குறையும், குரல் அடங்கும். ஆண் அப்படி இருந்தால் பேசாத மனுஷன் என்று விட்டுவிடுகிற ஊர், பெண் இருந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாள் என்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வராமல் போனது அதனால்தான். அவர்களிடம் இதை நீயே எடுத்துச் சொல். மனச்சோர்வையும் நோய்தான் உண்டாக்குகிறது, அதற்குத் தனியாக மருந்து உண்டு. காலையில் எழ மனமில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை என்றால் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அவளைக் கடலில் மட்டும் இறக்காதே. நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இந்த நோயில் கை கால் ஒத்துழைக்காமல் போகும். ஆனால் கரையில் உட்கார்ந்து பாசியில் கல்லும் சிப்பியும் பொறுக்குவதை ஏன் தடுக்க வேண்டும்? விரலுக்கும் நல்லது, நாலு பேர் பேச்சும் கிடைக்கும், கையில் சொந்தக் காசும் இருக்கும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் தூக்க விடாதே, தள்ளுவண்டியையும் நீ தள்ளு. நிலைப்படியில் கால் ஒட்டிக்கொண்டால் இழுக்காதே. நிற்கச் சொல்லி, தரையில் ஒரு கோடு காட்டி, அதைத் தாண்டச் சொல். தரையில் ஒரு முழ இடைவெளியில் வண்ண டேப் ஒட்டி வைத்தாலும் போதும். திரும்பும்போது ஒரே இடத்தில் சுழலாமல் அகலமாக வளைந்து திரும்ப வேண்டும்.

மாமா நன்றாக இருப்பதற்கு அத்தைதான் காரணம். மாத்திரை நேரம், உடுப்பு, சாப்பாடு, ஆஸ்பத்திரி எல்லாம் அவள். பெரியம்மாவுக்கு அப்படி யாரும் இல்லை. இந்த நோய் வந்த பெண்கள் பலருக்கும் இதுதான் நிலைமை. அத்தையும் தேய்ந்துகொண்டிருக்கிறாள், நீ போய் வாரத்தில் இரண்டு மத்தியானம் மாமாவோடு இரு. மாமாவுக்குப் பிராமிபெக்சோல் சேர்த்திருக்கிறார்கள். அந்த மருந்தில் சிலருக்குச் சூதாட்டம், செலவு, உடல் இச்சை கட்டுமீறும், ஆண்களுக்குக் கூடுதல். போனில் ரம்மி விளையாடுகிறாரா என்று பக்குவமாகப் பார்த்துக்கொள்.

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு பாம்பனிலிருந்து 150 கிலோமீட்டருக்கும் மேல். அழைத்துப்போக ஆளில்லாமல் பெண்கள் நரம்பியல் டாக்டரையே பார்க்காமல் இருந்துவிடுகிறார்கள். மூளையில் மின்முனை வைக்கிற சிகிச்சைக்கும் ஆண்கள்தான் அதிகம் போய்ச் சேருகிறார்கள். அவளுக்கு அது பொருந்துமா என்று நீ வாய்விட்டுக் கேள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் பார்க்கின்சன் நோயும் இருக்கிறது, அடையாள அட்டைக்கு இராமநாதபுரத்திலேயே விண்ணப்பித்துவிடு. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவள் பெயரைப் பதிவு செய். போகும்போது நோட்டு, பழைய சீட்டு, மாத்திரை அட்டைகள் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். பஸ்ஸில் மாத்திரை வேளை தப்பாமல் போனில் மணி வைத்துக்கொள்.

கமோடு நாற்காலியை அங்கிருந்து தூக்கிக்கொண்டு வராதே, இங்கேயே கிடைக்கும். வந்த அன்றைக்கே அதை வாங்கிப் போட்டுவிடு.

அன்புடன்,
அம்மா