நோ பாயிண்ட், சாப்

குடியாத்தம்,
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள செல்வராஜுக்கு,

இங்க எல்லாரும் நலம். பேத்தி பொறந்த சேதியை நம்ம பழைய பட்டாளத்து வாட்ஸ்அப் குரூப்புல பார்த்தேன். வெறும் கைகூப்பு போட்டுட்டுப் போயிட்டேன்னு நீ கோவிச்சுக்கிட்டதா லாரி மாணிக்கம் சொன்னான். கோவிச்சுக்கோ. பேத்திக்கு என்ன பேரு வெச்சீங்கன்னு மட்டும் எழுது. உங்க அம்மா பேரா இருந்தா அந்தக் கொழந்தையை நினைச்சு எனக்குக் கவலையா இருக்கு.

போன்ல சொல்லலாம்னுதான் இருந்தேன். ஆனா உனக்கு வலது காது கேக்காது, எனக்கு இடது காது. ரெண்டு பேரும் கத்தினா பக்கத்து வீட்டுக்காரன் சண்டைன்னு ஓடி வர்றான். அதோட இது கொஞ்சம் நீளமான விஷயம்.

போன வாரம் வீட்டு வாசல்ல ஒரு வெள்ளைக் கார் வந்து நின்னுச்சு. மூணு பேர், பழத் தட்டு, சால்வை. முன்னாள் ராணுவத்தினருக்குன்னு அவங்க கட்சியில தனிப் பிரிவு இருக்காம். அடுத்த மாசம் கூட்டமாம். 'சுபேதார் ஐயா முன் வரிசையில மெடல் போட்டுக்கிட்டு உக்காரணும், சிந்தூர் ஆப்பரேஷன் பத்தி ரெண்டு வார்த்தை பேசணும்'னாங்க. எந்தக் கட்சின்னு சொன்னா நீ இந்தக் கடிதத்தை இங்கேயே கிழிச்சுடுவ, சொல்லமாட்டேன். சொல்லவும் தேவையில்லை. ரெண்டு நாள் கழிச்சு எதிர்க் கட்சிக்காரங்களும் வந்துட்டாங்க. அவங்க கார் கறுப்பு, மத்தபடி அதே பழம், அதே சால்வை, கேட்டதும் அதே மெடல்தான். உன் தங்கச்சி உள்ளேயிருந்து, "மெடலை மட்டும் பையில போட்டுக் குடுத்து அனுப்புங்க, நீங்க எதுக்கு வெயில்ல"ன்னா. வந்தவங்களும் சிரிச்சாங்க. எனக்குத்தான் சிரிப்பு வரல.

சிந்தூர் பத்தி நான் என்ன பேசறது? மே 7 ராத்திரி நானும் அவங்களை மாதிரி டிவி முன்னாடிதான் உக்காந்திருந்தேன். நம்ம காலத்துல டிரோன்னு ஒரு சாமானை யார் பார்த்தா? நான் ரிட்டயர் ஆகி பன்னெண்டு வருஷம் ஆச்சு. ஆனா மீசையும் மெடலும் இருந்தா எந்தச் சண்டையைப் பத்தியும் பேசலாம்னு ஜனங்க நம்பறாங்க. நம்ம குரூப்பைப் பாரு. சிப்பாய்ங்க குறை கேக்கற சைனிக் சம்மேளன் கூட்டத்துல கமாண்டிங் ஆபீசர் சாப் 'கோயி பாயிண்ட்?', ஏதாவது சொல்லணுமான்னு கேட்டா 'நோ பாயிண்ட், சாப்'னுட்டு கூரையைப் பார்த்தவனெல்லாம் இப்ப சண்டையை ஏன் மே 10-ஆம் தேதியே நிறுத்தினாங்கன்னு டெல்லிக்குக் கேள்வி கேக்கறான். உன்னைத் தவிர அந்த ஹால்ல யாரு வாயைத் திறந்திருக்கா? நீயும் பருப்பைப் பத்தித்தான் திறந்த, அதுக்கு என்ன ஆச்சுன்னு நமக்குத் தெரியும்.

ஒண்ணு சொல்லணும். நம்ம வாயை மூடினது அபிப்பிராயம் இல்லாததால இல்லை. அரசியல் சட்டத்தோட 33-ஆவது பிரிவு, அதை வெச்சு 1950 ராணுவச் சட்டத்துல 21-ஆவது பிரிவு, 1954 விதிகள்ல 20-ஆவது விதி. கட்சிக் கூட்டத்துக்குப் போகாதே, கட்சியில சேராதே, நன்கொடை குடுக்காதே. அடுத்த விதி பத்திரிகைக்கு எழுதாதேங்குது. இதையெல்லாம் ஊட்டிப் பக்கம் வெலிங்டன்ல ரெக்ரூட்டா இருக்கும்போதே காதுல ஏத்தினாங்க. நான் அதை இன்னிக்கும் சரின்னுதான் சொல்வேன். பக்கத்து நாட்டுல ஜெனரல் சாப்புக்கெல்லாம் அபிப்பிராயம் வந்து என்ன ஆச்சுன்னு பார்த்தோம்.

ஆனா ஓட்டு? அது நமக்கு உண்டுன்னுதான் சொன்னாங்க. தபால் ஓட்டு எப்ப வந்தது, எப்ப போச்சு, ஞாபகம் இருக்கா? 96-ல ஜெயிச்சவர் பதவிப் பிரமாணம் எடுத்த செய்தியை ரேடியோவுல கேட்டுக்கிட்டே சங்கரன் சீட்டுல முத்திரை குத்தினானே! 'முடிஞ்சு போச்சுடா'ன்னா 'கடமை'ன்னான். ஆபீசர்கிட்ட சாட்சிக் கையெழுத்து வேற வாங்கிட்டு வந்தான். நாம வெளியே வந்த அப்புறம் 2016-ல, நெல்லித்தோப்பு இடைத்தேர்தல்லதான் சீட்டை முதல் தடவை கம்ப்யூட்டர் வழியா அனுப்பினாங்களாம். அதுவும் புதுச்சேரியில, சங்கரன் ஊருக்குப் பக்கத்துல. இப்பவும் குத்தின சீட்டு திரும்பிப் போறது தபால்லதான்.

சரி, கார் விஷயத்துக்கு வர்றேன். அவங்க போன அப்புறம் ராத்திரி தூக்கம் வரல. மனசு நேரா 1990-க்குப் போயிடுச்சு.

நாம இதைப் பேசறதே இல்லை செல்வா. பேசினாலும் ஆட்டுக்குட்டி கதையோட நிறுத்திடுவோம். 87 ஜூலையில இலங்கையோட ஒப்பந்தம் ஆச்சு, நம்மளை அமைதிப்படைன்னு அங்க அனுப்பினாங்க. யாழ்ப்பாணத்துல முதல்ல மாலை போட்டாங்க, அக்டோபர்ல புலிகளோட சண்டை ஆரம்பிச்சது. செக்கிங் போற வீட்டுல எல்லாம் நம்மளைத்தான் முன்னாடி அனுப்புவாங்க, பாஷை தெரியும்னு. கோண்டாவில் பக்கம் அந்தக் கிழவி உன்னைப் பார்த்து, "தம்பி, நீங்கள் எந்த ஊர்?"னு கேட்டது. நீ பதில் சொல்லாம வெளியே வந்துட்ட. அன்னைக்கு ராத்திரி நீ சாப்பிடல. ஏன்னு நானும் கேக்கல.

ஏறக்குறைய 1,200 பேர் திரும்பி வரல. மிச்சம் இருந்தவங்க 90 மார்ச்ல மெட்ராஸ் துறைமுகத்துல இறங்கினப்போ முதலமைச்சர் வரவேற்புக்கு வரல. தமிழர்களைக் கொன்ன படையை வரவேற்க வரமாட்டேன்ங்கறது கலைஞர் எடுத்த நிலை. அன்னிக்கு எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சது. நான் தமிழன் இல்லையா, என்னை அனுப்பினது யாரு, நானா கேட்டுப் போனேன்னு கத்தணும்போல இருந்துச்சு. விதி 20. கத்தல. இப்ப அம்பத்தெட்டு வயசுல யோசிச்சா அவர் பக்கத்தையும் என்னால தள்ள முடியல. இந்த ஊர் ஜனங்க மனசு அன்னிக்கு அப்படித்தான் இருந்துச்சு. எங்க அம்மாவே ரெண்டு நாள் என் முகத்தைப் பார்த்துப் பேசல.

இந்த மே 10-ஆம் தேதி ஸ்டாலின் ராணுவத்துக்கு ஆதரவா சென்னையில பேரணி போனாரே, அது முடிஞ்ச தீவுத்திடல் அந்தத் துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரம். அடுத்த வாரம் பாஜககாரங்க மூவர்ணக் கொடி யாத்திரை ஆரம்பிச்சாங்க. ஏப்ரல்ல மோடி கொழும்பு பக்கம் போனப்போ நம்ம ஆளுங்க நினைவுச் சின்னத்துல மலர்வளையம் வெச்சார், பார்த்திருப்ப. குறை சொல்லல. செத்தவனுக்கு யார் பூ வெச்சாலும் பூதான். ஆனா அன்னிக்கு வாசல்ல நிறுத்தினவனுக்கு இன்னிக்கு முன் வரிசைன்னா, இடையில நான் என்ன புதுசா செஞ்சுட்டேன்? ஒண்ணும் செய்யல. எந்தச் சண்டைன்னு பார்த்துத்தான் நாற்காலி போடறாங்க. இலங்கையைப் பத்திப் பேசறேன்னு சொல்லியிருந்தா அந்த ரெண்டு காரும் என் தெருவுக்கே வந்திருக்காது.

உன் மீசை துடிக்கறது தெரியுது. 'நான் 2015-ல டெல்லி ஜந்தர் மந்தர் போராட்டத்துல மெடலோட உக்காந்தேனே, அது மட்டும் என்ன?'ன்னு கேப்ப. அதையும் யோசிச்சேன். ஒரே ரேங்க்ல ஒரே காலம் வேலை பார்த்தவனுக்கு எப்ப ரிட்டயர் ஆனாலும் ஒரே பென்ஷன், அதான் 73-ல பறிச்ச ஒன் ரேங்க் ஒன் பென்ஷன், அதை 2013 செப்டம்பர்ல ரேவாரி கூட்டத்துல மோடி கையில எடுத்தார். 2014 பிப்ரவரியில சிதம்பரம் பட்ஜெட்ல 500 கோடி ஒதுக்கினார். ரெண்டு பக்கமும் ஏலம் விட்டுட்டுத் தேர்தல் முடிஞ்சதும் மறந்தாங்க. அப்பத்தான் நீங்க ஜூன்ல போய் உக்காந்தீங்க. ஆகஸ்ட் 14 அன்னிக்கு போலீஸ் கலைக்க வந்துச்சு. ராகுல் காந்தி வந்தப்போகூட, 'இதுல அரசியல் வேணாம்'னு உங்கள்ல ஒரு பகுதி கோஷம் போட்டுச்சு. நவம்பர்ல உத்தரவு வந்துச்சு, அதுவும் நீங்க கேட்ட முழுசு இல்லை, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவைதான் திருத்தம். ஆனா அந்த மெடலை நீ உனக்காகவும் எனக்காகவும் போட்டுக்கிட்ட. உன் கோரிக்கை உன் வாயில இருந்துச்சு. இங்க பேச வேண்டியதை அவங்களே ஒரு தாள்ல டைப் அடிச்சுக் கொண்டு வந்துட்டாங்க. அதுல 'பாதுகாப்பு'ங்கற வார்த்தையே ரெண்டு இடத்துல தப்பு.

நீ அன்னிக்கு டெல்லி போனதுல எனக்கு மாச பென்ஷன் ஏறுச்சு. நான் வரல. இதுவரைக்கும் ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை, இப்பவும் சொல்லமாட்டேன், வேணும்னா கேன்டீன்ல எடுத்து வெச்சிருக்கற பாட்டில் உனக்குத்தான்.

பெரிய சாப்களே இதுல தெளிவா இருந்ததில்லை. 2019-ல யோகி காசியாபாத்ல ராணுவத்தை 'மோடிஜி கி சேனா', மோடியோட படைன்னு பேசினார், அதுவும் முன்னாள் ராணுவத் தளபதி வி.கே. சிங் போட்டி போட்ட தொகுதியில. தேர்தல் ஆணையம் கண்டிச்சது. உடனே ராணுவத்தை அரசியலுக்குப் பயன்படுத்தாதீங்கன்னு நூத்தம்பதுக்கு மேல முன்னாள் வீரர்கள் பேர் போட்டு ஜனாதிபதிக்கு ஒரு கடிதம் வெளிவந்துச்சு. எட்டு முன்னாள் தளபதிகள் பேரு அதுல. மறுநாளே அதுல ரெண்டு பேர் நான் சம்மதிக்கவே இல்லைன்னாங்க. ஜெனரலுங்க கடிதமே அந்த லட்சணம்னா நம்ம குரூப்ல மாணிக்கமும் தாமஸும் அடிச்சுக்கறதுல என்ன ஆச்சரியம்? தாமஸ் குரூப்பை விட்டே வெளியே போயிட்டான், தெரியுமா? பதான்கோட்ல மாணிக்கத்தை முதுகுல தூக்கிட்டு வந்தவன். நீயாவது அவனுக்கு ஒரு போன் பண்ணு. நான் பண்ணினா எடுக்கமாட்டேங்கறான்.

இப்ப உண்மையான தலைவலி. இதுக்குத்தான் இவ்வளவும் எழுதினேன். என் தங்கச்சி மகன் கார்த்தி ப்ளஸ் டூ முடிச்சுட்டு அக்னிவீர், அதான் ராணுவத்துல அந்த நாலு வருஷ வேலைக்குப் போறேன்னு நிக்கறான். காலையில நாலரைக்கு எழுந்து மைதானத்துல ஓடறான். தங்கச்சி என்கிட்ட, "அண்ணா, நீ சொன்னா கேப்பான்"ங்கறா. என்ன சொல்றதுன்னு மட்டும் அவ சொல்லல.

கணக்கு போட்டுப் பார்த்தேன். முதல் வருஷம் மாசம் 30,000, அதுல 9,000 பிடிச்சுப்பாங்க, கையில 21,000. நாலு வருஷம் முடிஞ்சா வட்டியோட 11.71 லட்சம், வட்டி போக அதுல பாதி அவன் சம்பளத்துல பிடிச்சதுதான். நாலு பேர்ல ஒருத்தனை வெச்சுக்குவாங்க. மத்த மூணு பேருக்குப் பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை. இருபத்திரெண்டு வயசுல வீட்டுக்கு வந்து நிப்பான்.

நாலு வருஷத்துல நாம என்னடா கத்துக்கிட்டோம்? எனக்கு எல்.எம்.ஜி. துப்பாக்கி கைக்குள்ள அடங்கவே மூணு வருஷம் ஆச்சு. பக்கத்துல இருக்கறவன் நாளைக்குத் தன் இடத்துக்குப் போட்டின்னா, அவன் எனக்கு கவர் குடுப்பானா? தாமஸ் மாணிக்கத்தைத் தூக்கினப்போ நாலு பேர்ல ஒருத்தனுக்குத்தான் வேலைன்னு ஒரு கணக்கு அவன் மண்டையில இருந்திருந்தா தூக்கியிருப்பானா? தூக்கியிருப்பான், அவன் தாமஸ். எல்லாரும் தாமஸ் இல்லையே. தளபதியா இருந்த நரவணே சாப் எழுதினதுல ஒரு பகுதி 2023 டிசம்பர்ல பேப்பர்ல வந்துச்சு. ராணுவம் முதல்ல நினைச்சது நூத்துக்கு 75 பேரை வெச்சுக்கிட்டு 25 பேரை அனுப்பறதுன்னு. வந்தது தலைகீழா.

அதுக்காக அரசாங்கத்தை மட்டும் திட்டவும் எனக்கு வாய் வரல. இந்த வருஷம் பாதுகாப்பு பட்ஜெட் 6.81 லட்சம் கோடி, அதுல 1.60 லட்சம் கோடி பென்ஷனுக்கே போகுது. அதுல உன் சோறும் என் சோறும் இருக்கு. நம்ம பென்ஷன் நிக்கணும்னு கேட்டோம், கிடைச்சது. செலவைக் குறைக்கணும்னு வந்தப்போ கார்த்தி பேர்ல கை வெச்சாங்க. அவன் அப்ப எட்டாவதோ ஒம்போதாவதோ படிச்சுக்கிட்டிருந்தான். அவனுக்கு யாரு ஜந்தர் மந்தர்ல உக்காருவா? 2022-ல இந்த அக்னிவீர் திட்டத்தை எதிர்த்து பீகார்ல ரயிலைக் கொளுத்தின பசங்களைக் குரூப்ல எல்லாரும் ரவுடின்னு திட்டினோம். கொளுத்தினது தப்புதான். ஆனா அவங்க கேட்டதும் பென்ஷன்தான்.

அவன்கிட்ட 'போகாதே'ன்னு சொல்ல என்னால முடியல. கூரை வீட்டுலேர்ந்து என்னைத் தூக்கி விட்டது அந்த யூனிஃபார்ம். 'போ'ன்னு சொன்னா, முதல் பேட்ச் பசங்க அடுத்த வருஷக் கடைசியிலதான் நாலு வருஷம் முடிச்சு வெளியே வர்றாங்க, அவங்க கதி என்ன ஆகுதுன்னு பார்க்காம எப்படிச் சொல்றது? பார்த்துட்டுச் சொல்லலாம்னா இவனுக்கு வயசு ஓடிடும்.

அதனால நீ பேசு. உங்க ஊர்ப் பசங்களுக்கு ஓட்டப் பயிற்சி குடுக்கறவன் நீ, எத்தனை பசங்க போனான், என்ன சொல்றான்னு உனக்குத் தெரியும். அடுத்த ஞாயித்துக்கிழமை அவனை உன்கிட்ட பஸ் ஏத்தி விடறேன், ரெண்டு நாள் வெச்சுக்கோ. பயமுறுத்தாதே. தேசம், தியாகம்னு அளக்கவும் வேணாம், அதை அந்த மேடையில பேச ஆள் இருக்கு. அவன் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. யாழ்ப்பாணம் பத்திக் கேட்டா அதையும் சொல்லு, என்கிட்ட கேட்டான், நான் பேச்சை மாத்திட்டேன்.

அந்த ரெண்டு காருக்கும் முட்டி வலி, உக்கார முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன். முட்டி வலி உண்மைதான், அதனால பொய்க்கணக்குல சேராது.

பையன் கோழி சாப்பிடுவான், கத்திரிக்காய் தொடமாட்டான்.

இப்படிக்கு,
உன்
ரத்தினம்

பி.கு.: மாணிக்கம் அவன் மருமகன் கடைக்கு உன்கிட்ட கடன் கேக்கப் போறான். நான் சொன்னேன்னு காட்டிக்காதே.