நித்திரையையும் கேளுங்கள், டொக்டர்

திருகோணமலை மாவட்டத்தில் குடல் அழற்சி நோயாளரைப் பார்க்கும் டொக்டர்மாருக்கும் தாதியருக்கும்,

வணக்கம். எனக்குக் குரோன்ஸ் என்ற நாட்பட்ட குடல் அழற்சி நோய் என்று கண்டுபிடித்து ஒன்பது வருடமாகிறது. கிளினிக்கில் கேட்கும் கேள்விகள் இப்போது எனக்குப் பாடம். எத்தனை தரம் வயிற்றாலே போனது, இரத்தம் போகிறதா, நிறை குறைந்ததா, குளிசை ஒழுங்காகப் போடுகிறீர்களா. இரவில் நித்திரை கொள்கிறீர்களா என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. வெளியே அத்தனை பேர் நம்பர் எடுத்துக் காத்திருக்கும்போது இதையும் ஒரு வருத்தமென்று சொல்வதா என்ற கூச்சம்தான்.

எங்கள் வீட்டு மலசலகூடம் வளவின் பின்மூலையில் இருக்கிறது. நோய் கூடின மாதங்களில் பதினொரு மணிக்கு ஒரு தரம், ஒன்றரைக்கு ஒரு தரம், மூன்றுக்கு ஒரு தரம் போவேன். போன் வெளிச்சத்தில் கிணற்றடியைத் தாண்ட வேண்டும், மழையென்றால் கையில் குடையும் இருக்கும். திரும்பி வந்து படுத்தாலும் கண் மூடாது, அடுத்தது எப்போது என்று வயிற்றுக்கே காது கொடுத்துக் கிடப்பேன். நான்கு மணிபோல் கடற்பக்கம் போட் எஞ்சின் சத்தம் கேட்கும். சரி, விடிந்துவிட்டது என்று எழும்பி அடுப்பை மூட்டுவேன். பகலில் கண் சொருகினால் சோம்பேறி என்ற பெயர். அந்தச் சொல் வயிற்றுவலியைவிட வலித்தது.

ஒரு முறை நோய் கிளம்பியபோது பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரோயிட் குளிசை தந்தார்கள். மருந்து உறையில் காலை நான்கு, இரவு நான்கு என்று எழுதியிருந்தது. ஒரு கிழமையில் வயிறு அடங்கியது. ஆனால் நித்திரை அடியோடு போய்விட்டது. நடுச்சாமத்தில் எழும்பிப் பாத்திரம் கழுவினேன், அலுமாரியை அடுக்கினேன், காரணமில்லாமல் அழுதேன். அடுத்த கிளினிக்கில் ஓர் இளம் டொக்டர் கொப்பியைப் பார்த்துவிட்டு, எட்டையும் காலைச் சாப்பாட்டோடு போடச் சொன்னார். நாலாம் நாள் இரவு ஐந்து மணித்தியாலம் நித்திரை கொண்டேன். இந்தக் குளிசையை இரவில் போட்டால் நித்திரை குழம்பும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் நோயாளி தானாக நேரத்தையோ அளவையோ மாற்றக்கூடாத மருந்து இது. அதனால்தான் உறையில் எழுதும் அந்த நிமிடத்தில் நீங்களே யோசிக்க வேண்டியிருக்கிறது.

நித்திரை கெட எல்லோருக்கும் ஒரே காரணம் இல்லை. நித்திரையில் இருப்பவரை எழுப்பி மலசலகூடத்துக்குத் துரத்துகிற வயிறு, அழற்சி இன்னும் அடங்கவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைந்த சிலருக்குப் படுத்ததும் கால் உளையும், ஆட்டாமல் இருக்க முடியாது. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் என்ற இரத்தப் பரிசோதனையில் அது பிடிபடலாம். வலி தாங்காமல் பாமசியில் டைக்ளோபெனாக் வாங்கிப் போட்டுவிட்டுப் படுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வகைக் குளிசை குடலை இன்னும் கிளறிவிடலாம் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

வயிறு அமைதியான பிறகும் நித்திரை திரும்பாதவர்கள் உண்டு. 2013இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், குரோன்ஸ் தணிந்திருந்தவர்களில் நித்திரை கெட்டவர்களுக்கு ஆறு மாதத்தில் நோய் மறுபடி கிளம்பும் சாத்தியம் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரிந்தது. இதை வாசித்த அன்று, என் ஒன்பது வருடக் கொப்பியை எடுத்துப் புரட்டினேன். நித்திரை என்ற சொல் ஒரு பக்கத்திலும் இல்லை.

நித்திரைக் குளிசை கேட்டு இதை எழுதவில்லை. கொப்பியில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இரவில் எத்தனை தரம் எழும்பினார், எத்தனை மணித்தியாலம் படுத்தார். டொக்டருக்கு நேரமில்லையென்றால் நிறை பார்க்கும் தாதி கேட்டு எழுதலாம். வெருகலில் இருந்தும் புல்மோட்டையில் இருந்தும் விடியுமுன் பஸ் ஏறி வருபவர்களிடம் கட்டாயம் கேளுங்கள். வழியில் வயிறு குழப்புமோ என்று முதல் நாள் இரவே சாப்பிடாமல் விழித்திருப்பவர்கள் அவர்கள்.

நாட்பட்ட நித்திரையின்மைக்குக் குளிசையைவிடப் பழக்கத்தையும் எண்ணத்தையும் திருத்தும் சிகிச்சையே முதலில் பரிந்துரைக்கப்படுகிறது. அதற்காக மனநலப் பிரிவுக்குத் துண்டு எழுதினால், ஏன் அனுப்புகிறீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். சொல்லாவிட்டால், என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறார்களோ என்று பயந்து பாதிப்பேர் போகமாட்டார்கள்.

எனக்கு அடுத்த கிளினிக் வருகிற மாதம். ஒவ்வொரு நாளும் எத்தனைக்குப் படுத்தேன், எத்தனைக்கு எழும்பினேன் என்று ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதி வருகிறேன். கொண்டு வருவேன், ஒரு தரம் புரட்டிப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கிளினிக்கிற்கு வரும் ஒருத்தி
திருகோணமலை