வீட்டை இடிக்குமுன் பெட்டியைத் திறந்து காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் பழைய வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுந்துவருவதைத் தங்கள் வாசகர்கள் நாள்தோறும் பார்த்துவருகிறார்கள். வீட்டை விற்பதும் இடிப்பதும் அந்தந்தக் குடும்பத்தின் உரிமை. அதைக் குறைகூறுவதற்காக நான் எழுதவில்லை. வீடு கைமாறுகின்ற அந்த ஓரிரு கிழமைகளுக்குள், அலுமாரியின் மேல்தட்டிலும் கட்டிலுக்கடியிலுள்ள தகரப் பெட்டியிலும் இரண்டு மூன்று தலைமுறையாகக் கிடந்த கடதாசிகளுக்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றியே எழுதுகிறேன். அவற்றுள் பெரும்பகுதி பழைய பேப்பரும் போத்தலும் வாங்க வருபவரின் தராசுக்குப் போய்விடுகிறது. பிள்ளைகள் கனடாவிலோ இலண்டனிலோ இருக்க, தனித்திருக்கும் பெற்றோர் எதை வைத்திருப்பது, எதைக் கழிப்பது என்று கேட்கக்கூட ஆளின்றி எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டிவிடுகிறார்கள்.

எங்கள் வட்டாரத்தில் சிலர் சேர்ந்து இத்தகைய கடதாசிகளைத் தேடிச் சென்று படியெடுத்து வருகிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், வேலைக்குச் செல்லும் இளைஞர்களும், பல்கலைக்கழக மாணவர் சிலரும் இதில் உள்ளனர். எவருக்கும் ஊதியம் இல்லை, பதவியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் ஒரு மடிகணினி, ஒரு ஸ்கேனர், மென்மையான தூரிகைகள், சில பென்சில்கள் ஆகியவற்றுடன் ஒரு வீட்டுக்குச் செல்வோம். வீட்டுக்காரர் முன்னிலையிலேயே பெட்டியைத் திறந்து, தூசு தட்டி, பக்கம் பக்கமாகப் படியெடுத்து, மூலத்தை அவர்கள் கையிலேயே ஒப்படைத்துவிட்டுத் திரும்புவோம். நாட்டின் பல சிற்றூர்களிலும் இவ்வாறே தம் ஊரின் நினைவுகளைக் காத்துவரும் தொண்டர்கள் இருக்கிறார்கள்; கொழும்பில் வாழும் நாம்தான் இதில் பின்தங்கியிருக்கிறோம் என்பது என் கருத்து.

அண்மையில் எங்களிடம் காட்டப்பட்ட ஒரு பேரேட்டைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அது செட்டியார் தெருவில் முன்பு கடை வைத்திருந்த ஒரு குடும்பத்துக்குரியது. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் பிள்ளையார் சுழி. அதன் கீழ் தமிழ் எண்களில் பற்றும் வரவும் எழுதப்பட்டிருந்தன. தூத்துக்குடித் தோணியில் வந்திறங்கிய வெங்காயம், செத்தல் மிளகாய் ஆகியவற்றின் கணக்கும், மூட்டை சுமந்த நாட்டாமைகளுக்குக் கொடுத்த கூலியும், ஆடிவேல் விழாவுக்கென ஒதுக்கிய தொகையும் ஒரே கையெழுத்தில் வரிசையாக இருந்தன. ஓரங்களை இராமபாணப் பூச்சி அரித்திருந்தாலும் நடுப்பகுதி தெளிவாகவே இருந்தது. புறக்கோட்டையின் வணிகம் எப்படி நடந்தது, யார் யாரிடம் கடன்பட்டார், எந்த மாதத்தில் சரக்குக் குறைந்தது என்பதையெல்லாம் அறிய விரும்பும் ஆய்வாளருக்கு இதைவிட நேரடியான சான்று எது? அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் எண்களை வாசிக்கத் தெரியாததால், அது பயனற்ற பழைய கொப்பி என்றே பல ஆண்டுகளாகக் கருதப்பட்டிருக்கிறது.

பேரேடுகள் மட்டுமல்ல. ஒரு தெருவில் யார் எப்போது குடியிருந்தார்கள் என்பதை, வீட்டுக்குச் செலுத்திய சோலைவரியின் பற்றுச்சீட்டுகள் சொல்லும். இறந்தவரின் முப்பத்தோராம் நாளன்று அச்சிட்டு வழங்கப்படும் ‘கல்வெட்டு’ என்னும் நினைவு மலர்களில், வேறெங்கும் எழுதப்படாத வம்சாவளியும், பிறந்த ஊரும், பார்த்த தொழிலும் இருக்கும். கோவில் திருவிழாத் துண்டுப்பிரசுரங்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், சனசமூக நிலையங்களின் கூட்டக் குறிப்புகள், திருமண அழைப்பிதழ்கள் ஆகியவற்றையும் சேர்த்தால்தான் ஒரு வட்டாரத்தின் வரலாறு உருப்பெறும்.

இவற்றை அரசு பார்த்துக்கொள்ளாதா என்று சிலர் எங்களிடம் கேட்கிறார்கள். தொல்பொருளியல் திணைக்களம் 1890 ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவருகிறது. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டமும், 1973 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேசிய சுவடிக்கூடச் சட்டமும் நம்மிடம் உள்ளன. ஆயினும் அவற்றின் முதற்கவனம் தொன்மையான கட்டடங்களிலும் தொல்பொருட்களிலும் அரச ஆவணங்களிலுமே இருக்கும், இருக்கவும் வேண்டும். 1757 இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட வூல்பெண்டால் தேவாலயமும், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் மீளக் கட்டுவித்த பொன்னம்பலவாணேசர் ஆலயமும் எல்லோர் கண்ணிலும் படுகின்றன. அவற்றைச் சுற்றி வாழ்ந்த சாதாரண மக்களின் கடதாசிகளைத் தேடி எந்த அதிகாரியும் வீடு வீடாக வர முடியாது. அந்த வேலை எப்போதும் ஊரில் உள்ளவர்களாலேயே நடந்திருக்கிறது. கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834 இல் வெளிவந்த இலங்கைக் கசற்றியர் என்னும் இடவிவரத் தொகுப்புக்காக ஊர்ப்பெயர்களையும் மக்களையும் பற்றிய செய்திகளைத் திரட்டித் தொகுத்திருக்காவிட்டால், அக்கால இலங்கையைப் பற்றி நாம் அறிந்திருப்பது எவ்வளவோ குறைந்திருக்கும்.

கொழும்பு தேசிய நூதனசாலைக்குச் செல்பவர்கள், காலியில் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டைப் பார்த்திருப்பார்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் பயணத்தோடு தொடர்புடைய அக்கல்லில், 1409 ஆம் ஆண்டுத் திகதியிட்ட வாசகங்கள் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிலும் பொறிக்கப்பட்டுள்ளன; தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்னும் தெய்வத்துக்கு அளிக்கப்பட்ட காணிக்கைகளைக் கூறுகிறது. அத்தகைய கல், 1911 இல் ஒரு பொறியியலாளரின் கண்ணில் படும்வரை காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தது. கல் என்பதால் அது ஐந்நூறு ஆண்டுகள் தாங்கியது. கடதாசிக்கு அந்த ஆயுள் கிடையாது. ஒரு மாரிகால ஒழுக்கும் கறையானும் போதும்.

நாம் இழந்தவை ஏற்கெனவே அதிகம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. 1983 யூலையில் இதே கொழும்பில் வீடுகளோடு சேர்ந்து எரிந்த கடிதங்களையும் புகைப்படங்களையும் எவரும் கணக்கெடுத்ததில்லை. அந்த இழப்பின் நினைவோடு வளர்ந்த தலைமுறையினர் 2005 ஆம் ஆண்டில் நூலகம் என்ற எண்ணிம நூலகத்தைத் தொண்டர் முயற்சியாகத் தொடங்கி, ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் உலகில் எவரும் இலவசமாக வாசிக்கும்படி செய்திருக்கிறார்கள். பணமும் கட்டடமும் கைக்கு வரும்வரை காத்திராமல் தொடங்கிய வேலை அது. ஆனால் அச்சில் வந்த நூலுக்கு எங்கேனும் இன்னொரு பிரதி இருக்கக்கூடும். வீட்டுப் பேரேட்டுக்கும் குடும்பப் புகைப்படத்துக்கும் அப்படியில்லை.

நல்லெண்ணத்தோடு செய்யும் சில காரியங்களாலும் கடதாசிகள் கெடுகின்றன என்பதை வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும். பழைய காணி உறுதிகளையும் சான்றிதழ்களையும் தயவுசெய்து லெமினேட் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்திக்கைப் பின்னர் கடதாசிக்குச் சேதமின்றி உரித்தெடுக்க இயலாது. கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டினால், அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகி எழுத்தையே மறைத்துவிடும். புகைப்படத்தின் பின்புறத்தில் குமிழ்முனைப் பேனையால் எழுதினால் மை முன்புறம் ஊறும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் பெயர்களை எழுதிவையுங்கள். பெயர்களை எழுதுவதைத்தான் எல்லாவற்றிலும் அவசரமான வேலையாக நான் கருதுகிறேன். ஒரு குழுப் புகைப்படத்தில் இருப்பவர்களை அடையாளம் காட்டக்கூடிய கடைசி ஆள் பெரும்பாலும் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டியாகவோ பெரியப்பாவாகவோ இருக்கிறார்.

உறுதிகளையும் குடும்பக் கடிதங்களையும் அந்நியரிடம் காட்டத் தயங்குவது இயல்பு. ஆகவே, வீட்டுக்காரர் வெளியிட அனுமதிக்காத எதையும் வெளியிடுவதில்லை என்று எழுத்தில் உறுதியளித்த பின்னரே வேலையைத் தொடங்குகிறோம். ஒரு தலைமுறைக்குப் பிறகே திறக்க வேண்டும் என்று சொன்னாலும் அதற்கு இணங்குகிறோம்.

எங்களுக்கு இப்போது வேண்டியவை பெரியவை அல்ல. கோவில் அறங்காவலர்களும் பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்களும் தம்மிடமுள்ள பழைய பதிவேடுகளை ஈரம் படாத ஓர் அலுமாரிக்கு மாற்றி, அவற்றைப் படியெடுக்க ஒரு பிற்பகலை ஒதுக்கித் தரவேண்டும். கொழும்பு மாநகர சபை தன் வட்டார நூலகங்களில் அந்தந்தப் பகுதியின் வரலாற்றுக்கென ஒரு தட்டை ஒதுக்கினால், படிகளை நாங்களே ஒழுங்குபடுத்தி அட்டவணையுடன் ஒப்படைப்போம். தாங்களும் மாதம் ஒருமுறை, ஆட்கள் அடையாளம் காணப்படாத பழைய புகைப்படம் ஒன்றை வெளியிட்டு வாசகர்களிடம் பெயர் கேட்டால், கொழும்பில் மட்டுமன்றிப் புலம்பெயர்ந்த நாடுகளிலும் இருக்கும் முதியவர்களின் உதவி கிடைக்கும். இதற்கு இணங்குவீர்களாயின், உரியவர்களின் சம்மதம் பெற்ற முதற் புகைப்படத்தைத் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் கொண்டுவந்து தரச் சித்தமாயிருக்கிறோம்.

இங்ஙனம்,
தொண்டர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு - 13.