உன் வீட்டு உருளி

அன்புள்ள ரங்கா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று நீ எழுதியதைப் படிப்பதற்கு முன்பே, உறையின்மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. போன முறை வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. இம்முறை எல்லாம் நேராக நிற்கின்றன. சொட்டு மருந்தை மட்டும் நடுவில் நிறுத்திவிடாதே. இங்கே நாங்கள் நலம். அவளுக்கு முழங்கால் வலி குளிர் வந்தால் கூடும், மற்றபடி குறையில்லை. சின்னவளுக்குத் திருச்சிக்கு மாற்றல் கிடைத்துவிட்டது.

உன் மகன் தபாலில் பழனிப் பஞ்சாமிர்தம் வரவழைத்துக் கொடுத்ததையும், அதைச் சாப்பிட்டுவிட்டு நீ யோசித்ததையும் எழுதியிருந்தாய். "வாயில் பழைய ருசி அப்படியே இருக்கிறது, ஆனால் கோயிலுக்குப் போய்வந்த நிறைவு வரவில்லை. இது பிரசாதம்தானா, இல்லை வெறும் தின்பண்டமா?" என்று கேட்டிருந்தாய். நான்கு நாளாக அந்தக் கேள்வியோடுதான் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

பஞ்சாமிர்தத்தைப் பொறுத்தவரை நீ மனத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பயணம் போவதற்கென்றே பிறந்த பிரசாதம். மலைவாழையான விருப்பாட்சிப் பழம், சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய், கூடவே பேரீச்சையும் கற்கண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. விருப்பாட்சிப் பழத்திலேயே ஈரம் குறைவு. அதனால்தான் பாதயாத்திரை போனவர்கள் கட்டிக்கொண்டு வந்து, ஊர் முழுக்க வீடு வீடாகக் கொடுத்தாலும் கெடாமல் இருந்தது. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அந்தப் பெருமை பழத்துக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துக்கொண்டேன். அழகர்கோயில் தோசையும் அந்த இனம்தான், நெய்யில் வெந்தது. காஞ்சி வரதர் கோயில் இட்லியும் அப்படியே. மந்தாரை இலை போட்ட மூங்கில் குடலையில் மணிக்கணக்காக வெந்து, மிளகும் சீரகமும் சுக்கும் உள்ளே இறங்கி, மறுநாளும் தாங்கும். யாத்திரிகர் கையில் கட்டிக்கொடுக்க வேண்டும் என்று யோசித்துச் செய்தவை இவை.

ஆனால் வெண்பொங்கலும் தயிர்சாதமும் பயணம் போகாது. அங்கேயே, அப்போதே, உள்ளங்கையில் வாங்கி உண்ண வேண்டியவை. நீ தேடுகிற நிறைவு அவற்றில்தான் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. நாம் இருவரும் கல்லூரி நாளில் ஸ்ரீரங்கத்தில் இரவுப் பிரசாதமான அரவணைக்காகக் காத்திருந்தோமே, நினைவிருக்கிறதா? மடைப்பள்ளியில் நாள்தோறும் புது மண்பானையில்தான் சமையல் என்று அங்கே ஒரு பெரியவர் சொன்னதும், சுல்தானின் மகள் என்று சொல்லப்படும் துலுக்க நாச்சியாருக்குக் காலையில் ரொட்டியும் வெண்ணெயும் என்று கேட்டு நீ வாயடைத்துப் போனதும் எனக்கு நேற்று நடந்ததுபோல் இருக்கிறது. அன்று கையில் விழுந்தது ஒரு கவளம்தான். அதைத் தபாலில் அனுப்ப முடியுமா, சொல்.

இப்போது நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். நம் பெருமாள் கோயிலில் தளிகை, மடைப்பள்ளியில் சமைத்துப் பெருமாளுக்குப் படைப்பது, மறுபடி தொடங்கிவிட்டது.

ஆவணி மாதம் திருவோணத்தன்று ஆரம்பித்தோம். எத்தனை ஆண்டு நின்று கிடந்தது என்று கணக்குப் பார்க்கவே மனம் வரவில்லை. குத்தகை நெல் வருவது முதலில் குறைந்தது, பிறகு நின்றது. பெரிய பட்டாச்சாரியார் தம் வீட்டில் வடித்த சோற்றில் ஒரு கிண்ணம் எடுத்து வந்து, அதைத்தான் நிவேதனம் செய்துகொண்டிருந்தார். அவர் காலமான பிறகு கற்கண்டும் இரண்டு வாழைப்பழமும் என்றாகிவிட்டது. மடைப்பள்ளிக் கதவைத் திறந்தபோது அடுப்பின்மேல் அரசங்கன்று முளைத்து, கூரை இடுக்கில் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் திருவமுதுக்கு நாள் ஒன்றுக்கு அரிசி இத்தனை நாழி, நெய் இத்தனை ஆழாக்கு என்று எழுதி, சந்திரனும் சூரியனும் உள்ளவரை இது நடக்கவேண்டும் என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். கறியமுது, நெய்யமுது, தயிரமுது, மிளகமுது, உப்பமுது, அடைக்காயமுது. பாக்குக்குக்கூட அமுது என்று பெயர். உங்கள் வீட்டில் ரசத்தைச் சாற்றமுது என்றும் பாயசத்தைத் திருக்கண்ணமுது என்றும் சொல்வதைக் கேட்டுச் சிறுவயதில் நான் விழித்திருக்கிறேன். அந்தச் சொல் ஆயிரம் ஆண்டாக வாயிலிருந்து வாய்க்கு வந்துகொண்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் மிளகு உண்டு, மிளகாய் இல்லை. மிளகாய் போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்து சேர்ந்த சரக்கு. மரபைக் கறாராகப் பார்க்கும் மடைப்பள்ளிகளில் இன்றும் காரத்துக்கு மிளகுதான். நம் கோயிலிலும் அப்படியே செய்வது என்று இளையவர் சொல்லிவிட்டார். (பெரிய பட்டாச்சாரியாரின் பேரன். இருபத்தாறு வயது, பாடசாலையில் முறையாகப் படித்தவர். உனக்கு அவரைக் கட்டாயம் பிடிக்கும்.)

முப்பது வீட்டுக்காரர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மாதத்தில் ஒரு நாள் ஒரு வீடு. அரைப்படி பச்சரிசி, பயத்தம்பருப்பு, நெய், விறகு. பணமாக வாங்குவதில்லை என்று நான் பிடிவாதமாக இருந்தேன். பொருளாகக் கொண்டுவந்தால்தான் அந்த வீட்டார் காலையில் கோயில்வரை நடந்து வருவார்கள். அரிசி புடைப்பதும் கல் பொறுக்குவதும் என் வேலை. பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வருடம் நின்ற எனக்கு, முறத்தை வைத்துக்கொண்டு மண்டபத் தூணில் சாய்ந்து உட்காரும் அந்த அரை மணி நேரம் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று எழுதி விளக்க முடியவில்லை.

சமைப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்த பிறகுதான் ஒன்று எனக்கு உறைத்தது. இளையவர் வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டுதான் அடுப்படியில் நிற்கிறார். ருசி பார்ப்பது கிடையாது, வாசனை பிடிப்பதும் கூடாது. பிறகு எதை வைத்துப் பதம் பார்ப்பது? காதை வைத்துத்தான். அரிசி கொதிக்கும்போது தளதளவென்று பெரிய சத்தம். குழைய ஆரம்பித்ததும் அது அடங்கி, பானைக்குள் யாரோ முணுமுணுப்பதுபோல் ஆகிவிடும். அந்த முணுமுணுப்பு நிற்பதற்கு முன்னால் விறகை வெளியே இழுத்துவிடுகிறார். அப்புறம் தணலிலேயே கிடக்கிறது. நெய்யில் மிளகு வெடிப்பதை எண்ணுவதுபோல் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். நம் வீட்டில் கரண்டியை எடுத்து உள்ளங்கையில் தட்டி நக்கிப் பார்த்தே பழகியவர்கள் நாம். தனக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு முறைகூடப் பாராமல், இன்னொருவருக்காகவே ஒன்றை முழுதாகச் செய்து முடிப்பதை நான் இந்த வயதில்தான் பார்க்கிறேன்.

தவறும் நடக்கத்தான் செய்கிறது. புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை கூட்டம் அதிகம். உப்பு இரண்டு முறை விழுந்துவிட்டது. திரை போட்டு, துளசி சேர்த்து, மணி அடித்து நிவேதனமும் ஆகிவிட்டது. முதல் கவளம் வாங்கிய பெண் முகத்தைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரிந்தது. உப்பிலியப்பன் கோயிலில் உப்பே சேர்க்காமல்தான் நிவேதனம். குறைந்திருந்தால் அதை நினைத்துத் தேறியிருக்கலாம். கூடியதற்கு என்ன சொல்லித் தேறுவது? இளையவர் சந்நிதி முன் விழுந்து எழுந்தார், கண் கலங்கியிருந்தது. உடனே இன்னொரு படி அரிசியை வடித்து அதில் கலந்து எல்லோருக்கும் கொடுத்தோம். மறுநாள் முதல் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. உப்பு அளக்கும் கொட்டாங்கச்சியை, போட்டு முடித்ததும் அடுப்பு மேடையில் கவிழ்த்து வைத்துவிடுகிறார். கவிழ்ந்திருந்தால் உப்பு விழுந்துவிட்டது என்று பொருள்.

போன மாதம் ஒருவர் வந்து, பிரசாதக் கடை ஒன்று போட்டால் கோயிலுக்கு வருமானம் என்று யோசனை சொன்னார். பெரிய கோயில்களில் கடையை ஏலத்தில் விடுவது உனக்குத் தெரியும். கூட்டம் அலைமோதும் இடத்தில் வேறு வழியில்லாமல் இருக்கலாம், நான் வாதாடவில்லை. ஆனால் சந்நிதிக்குள் போய்வராத புளியோதரை எத்தனை நன்றாக இருந்தாலும் புளியோதரைதான். நிவேதனம் ஆன பிறகுதான் அது பிரசாதம். நம் கோயிலில் விலை என்ற பேச்சே வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அரைப்படிப் பொங்கல் நாற்பது பேருக்கு ஆளுக்கு ஒரு கவளம் வருகிறது. வாழை இலை நறுக்கில் வைத்துக் கொடுக்கிறோம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் பையை முதுகில் மாட்டிக்கொண்டே கையை நீட்டுகிறார்கள். வலக்கைக்குக் கீழே இடக்கையை வைத்து வாங்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. இப்போது ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

இனி உன்னிடம் ஒரு வேண்டுகோள். மார்கழி 27ஆம் நாள் கூடாரவல்லிக்குப் பாலும் வெல்லமும் சேர்த்துக் குழைத்த அக்காரவடிசில் செய்வதாக இருக்கிறோம். அழகருக்கு நூறு தடா (பெரிய பானை) அக்காரவடிசிலும் நூறு தடா வெண்ணெயும் படைக்க ஆண்டாள் நேர்ந்துகொண்டதும், பின்னாளில் ராமானுஜர் அதைச் செய்து முடித்ததால் ஆண்டாள் அவரை அண்ணா என்று அழைத்ததாகச் சொல்வதும் நீயே எனக்குச் சொன்ன கதைதான். நூறு தடாவுக்கு நாங்கள் எங்கே போவது? இரண்டு படி அரிசிக்குத் திட்டம். பால் மூன்று வீட்டிலிருந்து வருகிறது. பாத்திரம்தான் இல்லை. மடைப்பள்ளியில் இருந்தவை போன இடம் தெரியவில்லை. அலுமினியத்தில் பாலும் வெல்லமும் சேர்த்துக் கிளற இளையவருக்கு மனமில்லை.

உன் வீட்டுப் பரணில் அந்தப் பெரிய வெங்கல உருளி இருக்கிறது. கூடாரவல்லிக்கு முதல் நாள் உன் அம்மா அதைப் புளி போட்டுத் துலக்கி, நம் இருவர் தலையிலும் மாற்றி மாற்றி வைத்துக் கோயிலுக்கு அனுப்புவார்களே, அதுதான். விளிம்பில் அம்மாவின் பெயர் பொறித்திருக்கும். திருப்பிக் கொண்டுவரும்போது அடியில் ஒட்டியதைச் சுரண்டித் தின்றுவிட்டு, கோயிலில் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நீ பொய் சொன்னதை அம்மா கடைசிவரை நம்பவில்லை.

வீட்டுச் சாவி என்னிடம்தான் இருக்கிறது, வேண்டும் என்றால் இன்றைக்கே எடுத்துவிடலாம். ஆனால் நீ சொல்லாமல் எடுக்க மாட்டேன். ஒரு வரி எழுதினால் போதும். கண் மருத்துவர் பிரயாணம் செய்யலாம் என்று சொல்லிவிட்டால் எழுதவும் வேண்டாம், ரயில் ஏறி வா. பரண் ஏணி ஆடுகிறது, கீழே நின்று பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.

உன்,
வேணு