கேட்பவர்களுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் அக்டோபர் 10ஆம் தேதி, உலக மனநல நாளையொட்டி, மாணவர், காவலர், தகவல் தொழில்நுட்ப ஊழியர் எனப் பல தரப்பினரின் மன அழுத்தம் குறித்துத் தங்கள் நாளிதழில் கட்டுரைகள் வெளிவருவது வரவேற்கத்தக்கது. ஆனால் அவர்களுக்குச் சிகிச்சையும் ஆலோசனையும் தருகிற மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் ஆகியோரின் மனநிலை பற்றி எங்கும் பேச்சே எழுவதில்லை. சென்னையில் மனநல சமூகப் பணியாளராக நெடுங்காலம் வேலை பார்த்து வருபவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில், பணிச்சோர்வை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை. சரிவரக் கையாளப்படாத நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே குறிப்பிடுகிறது. தெம்பெல்லாம் வடிந்துபோதல், வேலையின் மீது கசப்பும் விலகலும், செய்வதால் பயனில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். இவற்றில் நான் பெரிதும் அஞ்சுவது இரண்டாவதைத்தான். களைத்துப்போனவர் விடுப்பாவது எடுப்பார். மனம் விலகிப்போனவரோ தவறாமல் பணிக்கு வந்து, "தூக்கம் வருதா, மாத்திரை சாப்பிடறீங்களா" என்று ஓ.பி. சீட்டைப் பார்த்தபடியே கேட்டு, முன்பு எழுதியதையே மறுபடியும் எழுதி அனுப்பிவிடுவார். எதிரே உட்கார்ந்திருப்பவர் சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழுந்து போவார். எந்தப் பதிவேட்டிலும் இது குறையாகத் தெரியாது.

இந்த நிலை ஒருவருடைய மனவலிமைக் குறைவால் வருவதில்லை. புறநோயாளர் பிரிவில், மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் தன் சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தபடி அவனுடைய கடைசி நாளைச் சொல்லி முடித்து எழுந்திருப்பார், கதவு மூடுவதற்குள் "அடுத்த ஆளை அனுப்பட்டுமா, மேடம்?" என்று உதவியாளர் தலையை நீட்டுவார். அடுத்தவர் குடிநோயாளியின் மனைவி. அவருக்கும் அதே முழுக் கவனம் வேண்டும் அல்லவா? மாலையில் வீட்டுக்குப் போனால், அன்றைக்குக் கேட்டதை யாரிடமும் இறக்கிவைக்க வழியில்லை. நோயாளியின் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது, அது சரியும்கூட. ஆகவே அதை இறக்கிவைக்கும் இடம் பணியிடத்திலேயே இருந்தாக வேண்டும்.

பயிற்சிக் காலத்தில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. மூத்தவர் ஒருவரிடம் தான் பார்த்த கேஸ்களைப் பேசி, எங்கே தடுமாறினோம், எந்தக் கதை நம்மோடு வீட்டுக்கு வந்துவிட்டது என்பதையெல்லாம் வெளிப்படையாகச் சொல்லும் நேரத்தை 'சூப்பர்விஷன்' என்கிறோம். வேலைக்குச் சேர்ந்ததும் அது பெரும்பாலும் நின்றுபோகிறது. வேண்டுமென்பவர் சொந்தக் காசில், சொந்த நேரத்தில் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒப்பந்த அடிப்படையில் தொகுப்பூதியம் வாங்குபவர்களுக்கு அதுவும் எட்டாது. நிர்வாகங்கள் அவ்வப்போது நடத்தும் யோகா முகாம்களையும் ஊக்கப் பேச்சுகளையும் நான் குறை சொல்லவில்லை; ஆனால் அவை ஓ.பி. முடிந்த பிறகு, மதிய உணவுக்கும் நேரமில்லாதவர்களைக் கூட்டிவைத்து நடப்பவை.

மருத்துவ மாணவர்களின் மனநலத்துக்காகத் தமிழக அரசு 2022இல் 'மனம்' என்ற மன்றத்தைத் தொடங்கியது. அதே ஆண்டில் 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை தரும் தொலைபேசி சேவையும் வந்தது. தேசிய மனநல ஆய்வின் (2015–16) கணக்குப்படி மனநலப் பாதிப்பு உள்ளவர்களில், பாதிப்பின் தன்மைக்கேற்ப, 70 முதல் 92 சதவீதம் வரையிலானோருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்பதால், மேலும் மேலும் பேர் உதவி கேட்டு வருவது நல்லதே. ஆனால் பொதுத்தேர்வு முடிவும் நீட் முடிவும் வெளியாகும் வாரங்களில் இடைவிடாமல் தொலைபேசியில் பேசுகிறவர், உயிரை விடப்போகிறேன் என்று சொன்ன ஒரு பிள்ளையைத் தேற்றி வைத்த பிறகு, அடுத்த அழைப்பை எடுக்கும் முன் சற்று எழுந்து நடக்க உரிமை உண்டா? அந்த நேரம் பணி நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும் என்பதே என் கோரிக்கை. அதோடு, வாரம் ஒரு மணி நேர சூப்பர்விஷனைப் பணியின் பகுதியாக்கி, ஒருவர் ஒரு நாளில் பார்க்கும் நோயாளிகளுக்கு உச்ச வரம்பும் வைக்க வேண்டும்.

நோயாளிகள் வரிசையில் காத்திருக்கையில் ஊழியர்களுக்கு ஒரு மணி நேரமா என்று கேட்பார்கள். மருத்துவ உளவியலாளர் ஒருவர் பல ஆண்டுகள் படித்து, பயிற்சியும் பெற்று வருகிறார். அவர் சோர்ந்து வேலையை விட்டுப் போனால், அவரிடம் பல மாதங்களாகப் பேசி வந்த ஒவ்வொருவரும் தன் கதையைப் புதிய முகத்திடம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சிலர் தொடங்காமலே நின்றுவிடுகிறார்கள்.

இன்னொன்று. எங்களில் ஒருவருக்கே மனச்சோர்வு வந்தால் இந்நகரில் யாரிடம் போவது? எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். "ஊருக்கெல்லாம் ஆறுதல் சொல்கிறவருக்கே இப்படியா" என்ற பேச்சுக்கு அஞ்சி வெளியூருக்குச் சென்று சிகிச்சை பெறுபவர்கள் உண்டு. 1794இல் மனநலக் காப்பகம் தோன்றிய, மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப், தற்கொலைத் தடுப்புக்கான சிநேகா போன்ற அமைப்புகள் வளர்ந்த சென்னையிலாவது, பணியிடத்தோடு தொடர்பில்லாத, ரகசியம் காக்கும் ஆலோசனை ஏற்பாடு ஒன்றை மக்கள் நல்வாழ்வுத் துறை எங்களுக்கென ஏற்படுத்த முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
மனநல சமூகப் பணியாளர் ஒருவர்,
சென்னை.
(மேற்சொன்ன காரணத்தாலேயே என் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)