கனநீரைக் கதிரியக்க நீர் என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கல்பாக்கம் கட்டுரையில் ‘கனநீர் எனப்படும் கதிரியக்க நீர்’ என்று ஒரு வரி வந்திருக்கிறது. அதே பக்கத்துப் பெட்டிச் செய்தியோ, ‘ஐசோடோப்புகள் எடையில் மட்டுமே வேறுபடும், மற்றபடி எல்லாம் ஒன்றே’ என்கிறது. இரண்டும் பிழை. முதலாவது வீண் பயத்தைக் கிளப்பும். இரண்டாவதைப் பள்ளிப் பிள்ளைகள் அப்படியே தேர்வில் எழுதிவைப்பார்கள்.

ஹைட்ரஜனின் அணுக்கருவில் ஒரு புரோட்டான். கூடவே ஒரு நியூட்ரான் இருந்தால் டியூட்டீரியம், இரண்டு இருந்தால் டிரிட்டியம். இவை ஹைட்ரஜனின் ஐசோடோப்புகள், அதாவது நியூட்ரான் எண்ணிக்கையில் வேறுபடும் ஒரே தனிமத்தின் அணுக்கள். மூன்றில் கதிர்வீசிச் சிதைவது டிரிட்டியம் மட்டுமே. டியூட்டீரியம் நிலையானது. கடல்நீரில் ஏறத்தாழ 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று அதுதான், நம் வீட்டுக் குடத்துத் தண்ணீரிலும் இருக்கிறது. சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள நீரே கனநீர். தூத்துக்குடி கனநீர் ஆலையில் அம்மோனியா–ஹைட்ரஜன் பரிமாற்ற முறையில் செறிவூட்டியதும் இதே டியூட்டீரியத்தைத்தான். ஆலையிலிருந்து வரும் புதுக் கனநீரைக் கதிரியக்க நீர் என்று சொல்ல வழியே இல்லை. அணு உலையில் ஓடத் தொடங்கிய பிறகு சில டியூட்டீரியக் கருக்கள் நியூட்ரானை விழுங்கி டிரிட்டியமாகின்றன, கசிவுக்கு அஞ்சுவது அதனால்தான். எந்தக் கனநீர் என்று சொல்லாமல் எழுதினால் இந்த வேறுபாடு முழுக்க அழிந்துபோகிறது.

அடுத்து அந்த ‘எல்லாம் ஒன்றே’. எந்த அளவுக்கு ஒன்று என்பது தனிமத்தைப் பொறுத்தது. உப்பில் சேர்க்கும் அயோடின் 127, தைராய்டு சிகிச்சைக்குக் கொடுப்பது கதிரியக்கமுள்ள அயோடின் 131. நிறையில் 3 சதவீத வேறுபாடுதான், தைராய்டு சுரப்பிக்கு இரண்டும் ஒன்றே. அணு விபத்தின்போது பெரியவர்களுக்கு 130 மில்லிகிராம் பொட்டாசியம் அயோடைடு மாத்திரை கொடுப்பதன் காரணமும் இதுதான்: சாதாரண அயோடின் சுரப்பியை முன்பே நிரப்பிவிட்டால் விபத்தில் வெளியேறும் 131 நுழைய இடமிருக்காது. சுரப்பிக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரிந்திருந்தால் அந்த மாத்திரையால் பயனே இல்லை.

ஹைட்ரஜனில் கதை வேறு. நிறை இரட்டிப்பாகிறது. கனநீர் 3.8 டிகிரியிலேயே உறைகிறது, 101.4 டிகிரியில் கொதிக்கிறது. 25 டிகிரியில் 100 மில்லி சாதாரண நீர் 100 கிராமுக்குச் சற்றுக் குறைவு, கனநீரோ 110 கிராம். கனநீர்ப் பனிக்கட்டியைச் சாதாரணத் தண்ணீர் உள்ள தம்ளரில் போட்டால் மிதக்காது, அடியில் போய்க் கிடக்கும். கார்பன்–டியூட்டீரியம் பிணைப்பு, கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பைவிட அறை வெப்பநிலையில் ஆறேழு மடங்கு வரை மெதுவாக முறியும். எடையில் மட்டுந்தான் வேறுபாடு என்றால் இவையெல்லாம் எங்கிருந்து வந்தன?

ஒற்றுமையும் வேற்றுமையும் ஒரே சீசாவில் தெரியும். மூலக்கூறின் அமைப்பைக் கண்டறியும் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) பரிசோதனைக்கு 99.9 சதவீதக் கனநீர் வாங்குகிறார்கள். மூடியைத் திறந்துவைத்தால் காற்றின் ஈரத்தில் உள்ள ஹைட்ரஜன் உள்ளே புகுந்து டியூட்டீரியத்தோடு இடம் மாறிக்கொள்ளும். வேதியியலில் இரண்டும் உறவு என்பதால்தான் இந்த மாற்றம். அடுத்த நாள் பரிசோதனை வரைபடத்தில் 4.8 பிபிஎம் அருகே, மிகச் சிறிதாக இருக்க வேண்டிய முகடு பெரிதாக எழுந்து நிற்கும். பரிசோதனைக் குழாயைச் சூடான அடுப்பில் உலர்த்தி, ஆறவைத்து, தேவையான 0.6 மில்லியை மட்டும் எடுத்துக்கொண்டு உடனே மூட வேண்டும். நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் சற்று அசந்தாலும் சீசா முழுதும் வீணாகிவிடும்.

பழைய இதழ்களின் பிழைகளையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கீழடி பானை ஓட்டையே கார்பன் 14 முறையில் சோதித்ததாக முன்பு எழுதினீர்கள். ஓட்டின் களிமண்ணுக்கு அந்த முறை வயது சொல்லாது, அதே அடுக்கில் கிடைத்த கரித்துண்டுதான் சொல்லும். டிரிட்டியத்தின் அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் காலம்) 12.3 ஆண்டு, எனவே 25 ஆண்டில் முழுதும் தீர்ந்துவிடும் என்றும் எழுதினீர்கள். தீராது, ஏறக்குறைய கால் பங்கு மிஞ்சும். இரண்டுக்கும் கடிதம் அனுப்பினேன், இரண்டும் வெளிவரவில்லை. இடப் பற்றாக்குறை இருந்திருக்கலாம். ஆனால் இப்போது ஒரே பக்கத்தில் ஐசோடோப்பு, ஓரிடத்தான், சமதானி என மூன்று சொற்கள். மூன்றும் ஒன்றேதான் என்று ஓரிடத்தில்கூடச் சொல்லவில்லை. படிக்கும் பிள்ளை மூன்று வெவ்வேறு பொருள் என்று எண்ணினால் தவறு யாருடையது? தாங்கள் அறியாததல்ல, அதனால்தான் வருத்தம் கூடுகிறது.

கேட்பது இவ்வளவுதான். அடுத்த இதழில், அதே பக்கத்தில், இந்தத் திருத்தத்தை வெளியிடுங்கள்: ‘கனநீரில் உள்ள டியூட்டீரியம் கதிரியக்கமற்றது. உலையில் பயன்படுத்திய கனநீரில் டிரிட்டியம் உருவாகும், அது கதிரியக்கமுள்ளது.’ பெட்டிச் செய்தியில் ‘மட்டுமே’ என்ற சொல்லையும் ‘மற்றபடி எல்லாம் ஒன்றே’ என்பதையும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்